கிராமுக்கு மலிவு, கடிகாரத்தில் விலை அதிகம்: பிளாட்டினத்தின் கணக்கு

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் எனக்குப் பழக்கமான ஒரு நகைப் பட்டறை உண்டு. மழைக்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே மின்விளக்கைப் போட்டுக்கொண்டு குமுட்டி அடுப்பின் முன்னால் அமர்ந்துவிடும் ஆசாரியார், அன்று ஒரு பழைய சஞ்சிகையை என்னிடம் நீட்டினார். ஜெனீவாவின் பட்டேக் பிலிப் நிறுவனத்தின் இரண்டு கைக்கடிகாரங்கள் அதில் அருகருகே அச்சாகியிருந்தன. வடிவமும் அளவும் ஒன்றே. ஒன்று மஞ்சள் தங்கம், மற்றது பிளாட்டினம். கீழே போட்டிருந்த விலையில் பிளாட்டினமே முந்தி நின்றது. "பவுண் விலை நாளுக்கு நாள் ஏறுது மாஸ்டர். ஆனா வெள்ளி மாதிரி இருக்கிற இது தங்கத்தைவிடக் கூடவாம். இதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டார்.

கேள்வி அவர் நினைத்ததைவிடக் கூர்மையானது. பிளாட்டினம் தங்கத்தைவிட அரிய உலோகம், ஆகவே விலை அதிகம் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. உலகச் சுரங்கங்களிலிருந்து ஓராண்டில் வெளிவரும் தங்கம் 3000 தொன்னுக்கும் அதிகம். பிளாட்டினமோ 200 தொன்னைக்கூடத் தொடுவதில்லை, அதிலும் பெரும்பகுதி தென்னாபிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. ஆனால் அரிதாகக் கிடைப்பது எல்லாம் விலை கூடியதாக இருக்க வேண்டும் என்று சந்தைக்குக் கட்டாயமில்லை. 2008 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் பிளாட்டினம் 2200 டொலரைத் தாண்டியது. அவ்வாண்டு முடிவதற்குள் 1000 டொலருக்குக் கீழே வீழ்ந்தது. 2015ஆம் ஆண்டு முதல் அது தங்கத்தைவிட மலிவான உலோகமாகவே விற்பனையாகி வருகிறது. 2025 ஒக்டோபரில் தங்கம் அவுன்ஸுக்கு 4000 டொலரைக் கடந்தபோது, பிளாட்டினம் அதன் பாதியைக்கூட எட்டவில்லை.

இதற்குக் காரணம் எளியது. தங்கத்தை மக்கள் சேமிப்பாக வாங்குகிறார்கள், மத்திய வங்கிகள் கையிருப்பாக வைக்கின்றன. நம் பக்கத்தில் அவசரத்துக்கு அடகு வைப்பதும் அதைத்தான். பிளாட்டினத்தைப் பெரும்பாலும் வாங்குவது தொழிற்சாலைகள். வாகனங்களின், குறிப்பாக டீசல் வாகனங்களின், புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கருவிக்கு அது வேண்டும். வாகனத் தொழில் தளர்ந்தால் பிளாட்டினத்தின் விலையும் தளர்கிறது. ஆகவே ஆசாரியாரின் கேள்வியைச் சற்றுத் திருத்திக் கேட்க வேண்டியிருக்கிறது: கிராமுக்கு மலிவாக இருக்கும் உலோகத்தில் செய்த கடிகாரம், கிராமுக்கு விலை கூடிய உலோகத்தில் செய்த கடிகாரத்தைவிட எப்படி விலை கூடியதாகிறது?

முதலில் நிறையைப் பார்க்க வேண்டும். ஒரு கன சென்ரிமீற்றர் சுத்தத் தங்கம் 19.3 கிராம் இருக்கும். அதே அளவு பிளாட்டினம் 21.45 கிராம். வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் கடிகாரம் சுத்தத் தங்கத்தில் செய்யப்படுவதில்லை. நம் ஊரில் நகை 22 கரட்டில் செய்கிறோம். அது கடிகாரத்துக்கு மென்மையாகிவிடும் என்பதால் சுவிஸ் நிறுவனங்கள் 18 கரட்டைப் பயன்படுத்துகின்றன. அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. அவை தங்கத்தைவிட இலேசானவை என்பதால் கலவையின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 15.5 கிராமாகக் குறைந்துவிடுகிறது. பிளாட்டினக் கடிகாரத்திலோ நூற்றுக்கு 95 பங்கு பிளாட்டினமே. கடிகாரத்தின் உட்புறத்தில் 950 என்று பொறித்திருப்பது இதைத்தான். மீதி ஐந்து பங்குக்கு ருத்தேனியம், இரிடியம் போன்ற அதன் குடும்பத்து உலோகங்களையே சேர்ப்பதுண்டு. எனவே அடர்த்தி 20 கிராமுக்கு மேலேயே நிற்கிறது.

இப்போது பவுண் கணக்கில் பார்ப்போம். கேஸ் எனப்படும் வெளிக்கூட்டுக்கு 4 கன சென்ரிமீற்றர் உலோகம் தேவைப்படும் ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 18 கரட் தங்கத்தில் அது 62 கிராம் வரும். அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கம் 46.5 கிராம், அதாவது ஏறக்குறைய 6 பவுண் நிறை. அதே கூடு பிளாட்டினத்தில் 82 கிராம். அதில் சுத்தப் பிளாட்டினம் 78 கிராம், ஏறக்குறைய 10 பவுண் நிறை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாத்திரங்களில் ஒன்றுக்குள் 6 பவுண், மற்றதற்குள் 10 பவுண். கையில் வைத்துப் பார்ப்பவர்கள் பிளாட்டினக் கடிகாரம் "இறங்கி நிற்கிறது" என்று சொல்வது இந்த நிறை வித்தியாசத்தால்தான். உலோகத்தாலேயே செய்த பட்டியும் சேர்ந்துவிட்டால் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் எல்லை கிடைக்கிறது. 46.5ஐ 78 ஆல் பிரித்தால் 0.6 வரும். பிளாட்டினத்தின் கிராம் விலை தங்கத்தின் விலையில் பத்தில் ஆறு பங்கு இருந்தாலே இரண்டு கூடுகளிலும் உள்ள உலோகத்தின் பெறுமதி சமமாகிவிடும். பிளாட்டினம் அதற்கு மேலே நின்ற காலங்களில், மூலப்பொருளே விலை வித்தியாசத்தின் ஒரு பகுதியை நியாயப்படுத்தியது. ஆனால் தங்கம் 4000 டொலர், பிளாட்டினம் 1600 டொலர் என்று வைத்துக் கணக்கிட்டால், தங்கக் கூட்டில் உள்ள தங்கம் ஏறத்தாழ 6000 டொலர், பிளாட்டினக் கூட்டில் உள்ள பிளாட்டினம் ஏறத்தாழ 4000 டொலர். உலோகத்தை மட்டும் பார்த்தால் பிளாட்டினக் கடிகாரமே மலிவாக இருக்க வேண்டும். கடைக் கண்ணாடிக்குள் அது தங்கத்தைவிடப் பல ஆயிரம் டொலர் கூடுதலாக விற்கப்படுகிறது. ஆக, மீதிப் பணம் உலோகத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை.

இதை விளக்க ஆசாரியாரின் பட்டறையைவிட நல்ல இடமில்லை. அவர் தங்கத்தை உருக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிறிய மூசையில் பழைய தோட்டையும் அறுந்த சங்கிலித் துண்டையும் போட்டு, ஒரு சிட்டிகை வெண்காரம் தூவி, ஊதுகுழலின் சுவாலையை அதன் மேல் திருப்புவார். சில நிமிடங்களில் துண்டுகள் விளிம்பு மழுங்கி, ஒன்றோடொன்று சாய்ந்து, சட்டென்று ஒரே உருண்டையாகக் கூடிச் சுழலும். தங்கம் 1064 பாகை செல்சியசில் உருகும். கலவைத் தங்கம் இன்னும் சற்றுக் குறைவில். பிளாட்டினம் உருகுவதற்கு 1768 பாகை வேண்டும். இரும்பே 1538 பாகையில் உருகிவிடும் என்றால் அது எவ்வளவு சூடு என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆசாரியாரின் ஊதுகுழல் அந்த வேலைக்குப் போதாது. அவருடைய மூசையும் தாங்காது. ஐதரசனையும் ஒட்சிசனையும் கலந்து எரிக்கும் சுவாலையோ மின்தூண்டல் உலையோ வேண்டும். அந்த வெப்பத்தில் பிளாட்டினம் தன்னைச் சுற்றியுள்ள கரி, சிலிக்கன் போன்றவற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும் என்பதால், மூசை முதல் கருவிகள் வரை அதற்கென்று தனியாக, தூய்மையாக வைத்திருக்க வேண்டும். தங்கம் உருக்கிய அதே மேசையில் அதையும் உருக்கிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் உண்மையான தலைவலி உருக்குவதில் இல்லை, கடைவதில் இருக்கிறது. உயர்தரக் கடிகாரக் கூடுகள் பெரும்பாலும் தகடாகவோ தண்டாகவோ வரும் உலோகத்தை அழுத்தியும் கடைந்தும் செதுக்கியும் செய்யப்படுகின்றன. இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும்: பிளாட்டினம் மிகக் கடினமான உலோகம், அதனால்தான் வெட்டுவது சிரமம் என்று பலர் எழுதுகிறார்கள். அது உருக்கைப் போலக் கடினமானதல்ல. 18 கரட் தங்கத்தோடு ஒப்பிட்டாலும் கடினத்தில் அது முந்துவதில்லை. சிரமம் வேறு வகையானது. பலாப்பழம் வெட்டியவர்களுக்கு இது உடனே புரியும். பலாச்சுளை கத்திக்கு எந்த விதத்திலும் கடினமானதல்ல, ஆனால் பால் கத்தியில் ஒட்டிக்கொண்டு, கத்தியை முன்னும் போகவிடாமல் பின்னும் வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் முதலிலேயே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறோம். பிளாட்டினமும் கடைசல் இயந்திரத்தின் வெட்டுமுனையில் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. தங்கம் சுத்தமான சுருளாகச் சீவிக்கொண்டு வரும் இடத்தில், பிளாட்டினம் இழுபட்டு, முனையில் அப்பி, மேற்பரப்பைக் கிழித்துவிடும்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. தங்கம் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும். பிளாட்டினத்தின் கடத்துதிறன் சுத்தத் தங்கத்தினுடையதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. வெட்டும்போது பிறக்கும் சூடு உலோகத்துக்குள் பரவிப் போகாமல் வெட்டுமுனையிலேயே தங்கி, முனையைச் சீக்கிரம் மழுங்கடிக்கிறது. ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டும், வெட்டும் ஆழத்தைக் குறைக்க வேண்டும், வெட்டுமுனையை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே இயந்திரம், ஒரே தொழிலாளி, ஒரே பகல்பொழுதில் முடித்துக் கொடுக்கும் பிளாட்டினக் கூடுகளின் எண்ணிக்கை தங்கக் கூடுகளின் எண்ணிக்கையைவிடக் குறைந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் ஒரு மணி நேரக் கூலி என்ன என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த நேரம் எவ்வளவு பணமாகும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. மெருகு போடுவதும் அப்படியே. இழுபடும் உலோகத்தைக் கண்ணாடிபோல ஆக்குவதற்குப் பல படிகளாகத் தேய்க்க வேண்டும். ஒரு படியில் தப்பிய கீறல் அடுத்த படியில் மறைவதில்லை, இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது அரத்தூள். ஆசாரியார் வேலை முடிந்ததும் மடியில் விரித்திருக்கும் தோலை மெதுவாகத் தட்டி, மேசை இடுக்குகளைத் தூரிகையால் கூட்டி, அந்தத் தூளை ஒரு பழைய தகரப் பேணிக்குள் போட்டு வைப்பார். பட்டறைக் குப்பையைக்கூட விலை கொடுத்து வாங்கிச் செல்ல ஆட்கள் வருவார்கள். அதிலிருந்து தங்கத்தை மீட்பது அவ்வளவு எளிது. கடிகாரக் கூடு ஒன்றைத் தண்டிலிருந்து கடையும்போது, முடிவில் நிற்கும் கூட்டைவிடச் சீவலாகப் போகும் உலோகம் அதிகமாக இருப்பதும் உண்டு. அந்தச் சீவல் தங்கமானால் பெரிய நிறுவனங்கள் தங்கள் உலையிலேயே உருக்கி மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும். பிளாட்டினச் சீவலை இராஜ திராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் சூடாக்கி மெதுவாகக் கரைத்து, பல படிகளாகப் பிரித்து, மறுபடி அந்த உயர்ந்த வெப்பத்தில் உருக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கென்றே இருக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். அது திரும்பி வரும் வரை பணம் அந்தச் சீவலுக்குள் முடங்கிக் கிடக்கிறது.

இவ்வளவையும் கேட்ட ஆசாரியார், "கூலி கூடத்தான், சரி. ஆனா கூலிக்காக மட்டும் இம்புட்டு வித்தியாசம் வருமா?" என்று கேட்டார். வராது. இங்கேதான் தேயிலை உதவிக்கு வருகிறது.

நம் தோட்டங்களில் நான்கரை, ஐந்து கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. அது உருட்டி, அரைத்து, புளிக்க வைத்து, உலர்த்தி, சல்லடையில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்ற தரங்களாகப் பிரிந்து, ஆயிரக்கணக்கான கிலோவாகக் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. சில்வர் டிப்ஸ் எனப்படும் வெள்ளை மொட்டுத் தேயிலையும் தேயிலைச் செடியிலிருந்துதான் வருகிறது. இலை விரியாத மொட்டை மட்டும், கூடைக்குள் அழுந்தாமல், ஒன்றொன்றாகக் கிள்ளி, இயந்திரத்தில் உருட்டாமல் வாட வைத்து எடுக்கிறார்கள். ஒருவர் நாள் முழுவதும் கிள்ளினாலும் கையில் சேர்வது சொற்பம். விலையோ சாதாரணத் தேயிலையின் பல மடங்கு. அந்த விலையைச் செடியில் தேடினால் கிடைக்காது. கூலியில் தேடினால் ஒரு பகுதி கிடைக்கும். மீதி, குறைவாகச் செய்யப்படுகிறது என்பதிலும், அதைத் தேடி வாங்குபவர் ஏற்கெனவே விலையைப் பொருட்படுத்தாதவர் என்பதிலும் இருக்கிறது.

பிளாட்டினக் கடிகாரமும் இதே வழியில்தான் விலை பெறுகிறது. ஒரு வடிவத்தில் உருக்கிலும் தங்கத்திலும் செய்யும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பிளாட்டினத்தில் செய்வது மிகக் குறைவு. புதிய உலோகத்துக்கென அச்சும் வெட்டுமுனையும் இயந்திர ஒழுங்கும் தனியே ஏற்படுத்த வேண்டும். அந்தச் செலவைப் பல்லாயிரம் கடிகாரங்களில் பகிர முடியாமல், சில நூறில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதோடு, நிறுவனங்கள் பிளாட்டினத்தை வேண்டுமென்றே வரிசையின் உச்சியில் உட்கார வைக்கின்றன. ரோலெக்ஸ் 1956இல் அறிமுகப்படுத்திய டே-டேட் கடிகாரத்தைத் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே செய்கிறது. பிளாட்டினத்துக்கென்று பனிக்கட்டி நீலம் என்ற ஒரு வெளிர் நீல டயலை ஒதுக்கி வைத்திருக்கிறது. 1963இல் பிறந்த டேடோனா என்ற தன் இன்னொரு கடிகார வரிசையின் ஐம்பதாம் ஆண்டான 2013இல் அந்த வரிசையில் முதன்முதலாகப் பிளாட்டினத்தைக் கொண்டுவந்தபோதும் அதே நீல டயலைத்தான் பொருத்தியது. வாஷெரோன் கொன்ஸ்தாந்தான் நிறுவனம் தன் பிளாட்டினச் சிறப்பு வரிசையில் டயலையும் பிளாட்டினத்தில் செய்து, தோல்பட்டியைத் தைக்கும் நூலில்கூடப் பட்டோடு பிளாட்டின இழையைச் சேர்த்தது. நூலில் பிளாட்டினம் இருப்பதால் கடிகாரம் நேரத்தை இன்னும் சரியாகக் காட்டிவிடப் போவதில்லை. ஆனால் அதை வாங்குபவர் நேரம் பார்ப்பதற்காக வாங்குவதும் இல்லை.

என் தனிப்பட்ட அபிப்பிராயம், விலை வித்தியாசத்தில் கணிசமான பங்கு இந்த ஆசனத்துக்கே கொடுக்கப்படுகிறது என்பது. கூலியும் சேதாரமும் உண்மையான செலவுகள்; அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பிளாட்டினம் தங்கத்தைவிட விலை உயர்ந்திருந்த 2008இலும், பாதிக்கும் கீழே இறங்கிய 2025இலும், கடைக் கண்ணாடிக்குள் பிளாட்டினமே மேலே இருந்தது என்பதைப் பார்க்கும்போது, உலோகச் சந்தை அந்த வரிசையைத் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவாகிறது. உலோகத்தின் விலைக்கும் கடிகாரத்தின் விலைக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2019 நவம்பரில் ஜெனீவா ஏலமொன்றில் 31 மில்லியன் சுவிஸ் பிராங்குக்கு விற்பனையான பட்டேக் பிலிப் கடிகாரம் தங்கமும் இல்லை, பிளாட்டினமும் இல்லை. துருப்பிடிக்காத உருக்கில் செய்தது. அந்த வடிவத்தில் உருக்கில் செய்தது அது ஒன்று மட்டுமே என்பதுதான் அதன் சிறப்பு.

வாங்குபவருக்குப் பிளாட்டினத்தில் மெய்யாகவே கிடைப்பவை சில உண்டு. அதன் வெண்மை இயல்பானது. வெள்ளைத் தங்கம் என்று விற்கப்படுவது தங்கத்தோடு வேறு உலோகங்களைக் கலந்து வெளுக்க வைத்தது. பெரும்பாலும் அதன் மேல் ரோடியம் முலாம் பூசுவார்கள், ஆண்டுகள் செல்ல அது தேய்ந்து அடியிலுள்ள மங்கலான நிறம் தலைகாட்டும். பிளாட்டினத்துக்குப் பூச்சு வேண்டியதில்லை. வியர்வையோ காற்றோ உப்போ அதை எதுவும் செய்வதில்லை. 1889 முதல் 2019 வரை உலகத்துக்கே ஒரு கிலோகிராம் என்பது எவ்வளவு என்று தீர்மானித்த படிக்கல் பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினத்தில் செய்யப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கீறல் விழாது என்று மட்டும் யாரும் நம்பிவிடக் கூடாது. விழும், எளிதாகவே விழும். ஆனால் உராயும்போது தங்கம் துகளாகத் தேய்ந்து போகும் இடத்தில், பிளாட்டினம் பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. உலோகம் குறையாமல் மேற்பரப்பு மட்டும் மங்குகிறது. அந்த மங்கலை விரும்புகிறவர்களும் உண்டு, பொறுக்க மாட்டாதவர்களும் உண்டு. மெருகை மீட்க வேண்டுமானால் முன்பு சொன்ன அதே சிரமமான வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். சாதாரணக் கடையில் கொடுக்கக் கூடாது, செய்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும், அதற்கும் கூலி அதிகம்.

தங்கத்தோடு நிறையில் நெருங்கி நிற்கும் இந்த இயல்பே ஒரு காலத்தில் பிளாட்டினத்துக்கு வினையாக இருந்தது. தென்னமெரிக்காவில், இன்றைய கொலம்பியாவின் ஆற்று மணலில் தங்கத்தோடு கலந்து கிடந்த இந்த வெள்ளைத் துகளை ஸ்பானியர்கள் 'பிளாட்டினா', அதாவது சின்ன வெள்ளி, என்று இளக்காரமாக அழைத்தார்கள். உருக்கவும் முடியாமல், தங்கத்தில் கலப்படம் செய்ய மட்டும் உதவிய அதை ஆற்றிலேயே கொட்டிய காலமும் உண்டு.

சஞ்சிகையைத் திருப்பிக் கொடுத்தபோது ஆசாரியார் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு பிளாட்டினக் கடிகாரத்தின் படத்தை மறுபடி பார்த்தார். ஆறு மணி இலக்கத்துக்குக் கீழே, பட்டி வந்து சேரும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே, கூட்டின் விளிம்பில் கடுகளவு ஒரு புள்ளி மின்னியது. "இதுல கல்லு ஒண்ணு பதிச்சிருக்கானே மாஸ்டர், அச்சுப் பிழை இல்லையே?" என்றார். பிழை இல்லை. பட்டேக் பிலிப் தன் பிளாட்டினக் கடிகாரங்களில் அந்த இடத்தில் ஒரு சிறு வைரத்தைப் பதிப்பது வழக்கம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உருக்கா, வெள்ளைத் தங்கமா, பிளாட்டினமா என்று தெரியாது என்பதால் தெரிந்தவர்களுக்கென்று வைத்த அடையாளம். "எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரியாதே" என்றார். கட்டியிருப்பவருக்குத் தெரியும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, தகரப் பேணியின் மூடியை அழுத்தி மூடினார்.